பிரேக் பிடித்தால் நிற்க வேண்டும்: மலைச் சைக்கிள் கேள்வி பதில்

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிரேக்கைப் பற்றியே கேட்டிருந்தன, அதிலும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், அதாவது லிவரை அழுத்தினால் ஹோஸ் என்ற குழாயிலுள்ள ஆயில் கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன்களைத் தள்ளி, பேடுகள் சக்கரத்தோடு சுழலும் ரோட்டார் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் வகை. அதனால் இந்த முறை வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: அண்ணா, என் எடை 92 கிலோ. ஞாயிறுதோறும் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறி இறங்குகிறேன், சில நேரம் காபித் தோட்டத்து மண்பாதைகளிலும் போவேன். இரண்டு பிஸ்டன் ஹைட்ராலிக் பிரேக், முன்னும் பின்னும் 160 மி.மீ. ரோட்டார். பாதி மலை இறங்கியதும் பிரேக் மந்தமாகிவிடுகிறது, ரோட்டாரில் நீலம் பாய்ந்திருக்கிறது. நான்கு பிஸ்டன் போட்டால்தான் தீரும் என்று கடையில் சொல்கிறார்கள். இருப்பதிலேயே வலுவானது எது? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: முதலில் ஒன்று தெரிய வேண்டும். மந்தமாகும்போது லிவர் கைக்கு எப்படி இருக்கிறது? லிவர் வழக்கம்போலக் கெட்டியாகவே இருந்து, எவ்வளவு அழுத்தினாலும் சைக்கிள் மட்டும் நிற்கவில்லை என்றால், பேட் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிமானத்தை இழந்திருக்கிறது. லிவர் பஞ்சு மாதிரி அமுங்கி ஹேண்டில்பாரைத் தொட்டால் விஷயம் வேறு, கேலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம், அதனால் உங்கள் விரலின் பலம் பேடுக்குப் போய்ச் சேராமல் அந்த ஆவியை அமுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. முதலாவது நடந்தால் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். இரண்டாவது நடந்தால் அதற்கு மேல் ஒரு வளைவு கூட ஓட்டக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

எனக்கு இரண்டாவதே நடந்தது, கொல்லிமலையில். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை அது, காரவள்ளிப் பக்கம் இறங்கினேன். முன்பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவாய் என்று சின்ன வயதில் யாரோ சொன்னது மனதில் ஒட்டியிருந்ததால், பின்பிரேக்கை மட்டும் விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தேன். பாதி வளைவுகள் கூடத் தாண்டியிருக்க மாட்டேன், லிவர் அப்படியே ஹேண்டில்பார் வரை வந்துவிட்டது. கீழே இருந்து ஒரு பஸ் ஏறி வரும் சத்தம் கேட்கிறது. மலைப்பக்கத்து ஓடைக்குள் சக்கரத்தை இறக்கி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டுதான் நின்றேன். இருபது நிமிஷம் ஆறியதும் லிவர் பழையபடி கெட்டியாகிவிட்டது. ஆயிலை இரண்டு வருஷமாக நான் மாற்றவே இல்லை, அதுவும் மோட்டார் சைக்கிள்களுக்கு ஊற்றும் டாட் வகை ஆயில். டாட் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 5.1 என்றால் 260, ஈரம் ஏறினால் 180. என் பிரேக்கில் குறை எதுவும் இல்லை, தவறு முழுக்க என்னுடையது.

இப்போது உங்கள் சைக்கிளுக்கு வருகிறேன். நீங்கள், சைக்கிள், பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 110 கிலோ என்று வைத்துக்கொள்வோம், ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை ஏறத்தாழ 1000 மீட்டர் இறக்கம் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் பத்து லட்சம் ஜூலுக்கு மேல். சாதாரணத் தண்ணீர் மூன்றரை லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இதில் ஒரு பங்கு காற்றிலும் டயரிலும் போகும், வளைவுக்கு வளைவு மெதுவாக இறங்கினால் பெரும்பங்கு பிரேக்குக்குத்தான் வரும். நூறு கிராம் சொச்சம் எடையுள்ள இரண்டு தகடுகள் அத்தனை சூட்டையும் வாங்கிக் காற்றில் விட வேண்டும். நீலம் பாய்ந்தது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். உங்களுக்குக் குறைவது வலுவை விட, சூட்டை வெளியே விடும் வசதிதான்.

அதனால் முதல் செலவு ரோட்டாரில். 160 இருந்த இடத்தில் 203 மி.மீ. போட்டால் அதே விரல் பலத்துக்கு நிறுத்தும் விசை 27 சதவீதம் கூடும், 180 போட்டால் பன்னிரண்டரை சதவீதம். ஆரம் கூடியதால் வந்த கணக்கு இது, இதில் எந்த நிறுவனத்தின் மாயமும் கிடையாது. தகடு பெரிதானதால் சூடும் சீக்கிரம் ஆறும், எனக்கு அதுதான் இன்னும் பெரிய லாபம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாயும், பின்சக்கரம் லேசாகிச் சீக்கிரமே லாக் ஆகிவிடும், ஆகவே பெரியது முன்னால் இருக்கட்டும். உங்கள் எடைக்கு முன்னால் 203, பின்னால் 180. ஆனால் வாங்கும் முன் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் ஃபிரேமும் எத்தனை மி.மீ. வரை தாங்கும் என்று அவற்றின் கையேட்டில் பாருங்கள். விலை குறைந்த சஸ்பென்ஷன் ஃபோர்க்குகள் பல 180க்கு மேல் அனுமதிப்பதில்லை. அதை மீறி 203 மாட்டித் தரும் கடைகளும் இருக்கின்றன, பெரிய ரோட்டார் ஃபோர்க்கின் காலை எவ்வளவு முறுக்குகிறது என்பதை அவர்கள் யோசிப்பதே இல்லை, நீங்கள் சம்மதிக்காதீர்கள். ரோட்டாரோடு, கேலிப்பரை அதற்கேற்பத் தள்ளி உட்காரவைக்கும் அடாப்டரும் வேண்டும். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் ரோட்டார் ஆறு போல்ட்டில் மாட்டுகிறதா, சென்டர் லாக் என்ற ஒற்றை வளையத்தில் மாட்டுகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

சரி, நான்கு பிஸ்டன். நான்கு என்றால் இரண்டைப் போல இரு மடங்கு வலு என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பிஸ்டன் கேலிப்பரில் ஒரு பக்கம் 22 மி.மீ. பிஸ்டன் ஒன்று இருந்தால் அதன் பரப்பு 380 சதுர மி.மீ. நான்கு பிஸ்டன் கேலிப்பரில் ஒரு பக்கம் 15, 16 என்று இரண்டு இருந்தால் 177ம் 201ம் சேர்ந்து 378. ஏறக்குறைய அதே அளவு! 16, 18 என்று இருந்தால் 455, அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பிஸ்டனின் விட்டத்தைக் கேளுங்கள். ஆனாலும் நான்கு பிஸ்டனுக்கு வேறு நன்மைகள் உண்டு. பேட் நீளமாக இருக்கும், சூட்டைத் தாங்கும் பொருள் அதில் அதிகம், பிஸ்டன் சின்னதாக இருப்பதால் ரோட்டாரின் வெளி விளிம்பை ஒட்டிப் பிடிக்க முடியும், எவ்வளவு பிடிக்க வேண்டுமோ அவ்வளவே பிடிக்கிற பதம் விரலுக்கு நன்றாகத் தெரியும். வாரம்தோறும் ஏற்காடு இறங்கும் 92 கிலோ ஆளுக்கு நான்கு பிஸ்டன் வீண் செலவே இல்லை. 160 ரோட்டாரை அப்படியே வைத்துக்கொண்டு கேலிப்பரை மட்டும் மாற்றினால்தான் வீண்.

எதை வாங்குவது என்றால், உங்களுக்கு என் பரிந்துரை நான்கு பிஸ்டன் கொண்ட ஷிமானோ டியோர் எம்6120. டாட் போல ஈரத்தை உறிஞ்சாத மினரல் ஆயில், நம் ஊர்களில் பேட் தேடி அலைய வேண்டியதில்லை, ப்ளீட் பண்ண, அதாவது ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்றத் தெரிந்தவர்களும் அதிகம். ஷிமானோவிலேயே எஸ்எல்எக்ஸ், எக்ஸ்டி என்று விலை ஏற ஏற லிவரில் வசதியும் பூச்சும் கூடும், நிறுத்தும் வலு விலை அளவுக்கு ஏறாது. இருப்பதிலேயே வலுவானது எது என்று கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன்: ஸ்ராம் 2024இல் கொண்டுவந்த மேவன், மகூரா எம்டி7, ஹேய்ஸ் டொமினியன், ஹோப் வி4 போன்றவை அந்த வரிசையில் வருபவை. மேவனின் பிஸ்டன்கள் 18, 19.5 மி.மீ., ஒரு பக்கப் பரப்பு 550 சதுர மி.மீ.க்கு மேல். டவுன்ஹில் பந்தயத்துக்கும் எடை கூடிய மின்சார மலைச் சைக்கிளுக்கும் அது நியாயமான பிரேக். ஏற்காட்டுக்கு அத்தனை வேண்டாம், அந்தப் பணத்துக்கு நல்ல டயர் வாங்குங்கள். டயர் பிடிக்கிற அளவுக்கு மேல் எந்த பிரேக்காலும் நிறுத்த முடியாது, சக்கரம் லாக் ஆகி வழுக்கத்தான் செய்யும்.

இப்போதிருக்கும் ரோட்டாரைத் தூக்கிப் போடுவதற்குள் அதன் கனத்தை அளந்து பாருங்கள். 1.8 மி.மீ. கனத்தில் வரும் ஷிமானோ ரோட்டார் 1.5க்குத் தேய்ந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. கையால் தடவினால் தெரியாது, வெர்னியரோ மைக்ரோமீட்டரோ வேண்டும்.

கேள்வி: வணக்கம் அண்ணா, கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் சைக்கிளில் ஷிமானோ எம்டி200 பிரேக் வந்தது. சிறுமலைக்குப் போகும்போது கூட வரும் நண்பர்கள் இது ஆரம்பநிலை பிரேக், மாற்று என்கிறார்கள். பணம் அதிகம் இல்லை. உலோகத்தூளை இறுக்கிச் செய்த சின்டர்டு பேட் போட்டால் வலு கூடுமா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: தம்பி, எம்டி200ஐ மாற்றாதே. சிறுமலைக்கு அது தாராளம். சரியாக ப்ளீட் செய்து, பேட் சுத்தமாக இருந்து, கேலிப்பர் நேராக உட்கார்ந்திருந்தால், கவனிக்காமல் விட்ட விலை உயர்ந்த பிரேக்கை விட அது நன்றாக நிற்கும்.

பேட் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே. எம்டி200 உடன் பெரும்பாலும் வரும் ரோட்டாரில் ரெசின் (பிசின்) பேட் மட்டுமே பயன்படுத்தவும் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும், உன்னுடையதைத் துடைத்துவிட்டுப் பார். அந்தத் தகடு மெத்தென்ற உலோகம், சின்டர்டு பேடில் இருக்கும் உலோகத்தூள் அதைச் சீக்கிரமே தின்றுவிடும். சின்டர்டு வேண்டுமென்றால் அதைத் தாங்கும் ரோட்டாரும் சேர்த்தே வாங்க வேண்டும். ரெசின் பேட் தொட்டவுடன் பிடிக்கும், சத்தம் குறைவு, ஆனால் சேற்றிலும் மழையிலும் வேகமாகக் கரையும், நீண்ட இறக்கத்தில் சூடு ஏறினால் சீக்கிரம் மந்தமாகும். சின்டர்டு இதற்கு நேர்மாறு: கொஞ்சம் சூடு ஏறினால்தான் முழுப் பிடிமானம் வரும், ஈரத்தில் கத்தும், ஆனால் நாள்பட உழைக்கும், சூட்டைத் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்பாதையில் ஓட்டுகிறவனுக்கு சின்டர்டு. கோடையில் ஓட்டுகிற உன் மாதிரி ஒல்லிப் பையனுக்கு ரெசினே போதும். (எடை எழுதவில்லை, எம்டி200 போதவில்லை என்று நீயே சொல்லாமல் நண்பர்கள் சொன்னதாக எழுதியதால் ஒல்லி என்று எடுத்துக்கொண்டேன்.)

கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் முன்னால் மட்டும் 180 ரோட்டாரும் அடாப்டரும் வாங்கு, ஃபோர்க் அனுமதித்தால்.

கேள்வி: பிரேக் லூசாக இருந்தது என்று பக்கத்து மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கிடம் கொடுத்தேன். பிரேக் ஆயில் மாற்றித் தந்தார். பத்து நாளில் லிவர் ஒட்டிக்கொண்டு திரும்பி வரமாட்டேன் என்கிறது, கேலிப்பரில் கசிவும் தெரிகிறது. ஷிமானோ பிரேக். என்ன செய்வது? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: இந்தக் கேள்வி எனக்கு ஆறு ஏழு பேரிடமிருந்து வந்திருக்கிறது, ஊர்கள்தான் வேறு வேறு. அந்த மெக்கானிக் ஊற்றியது மோட்டார் சைக்கிளுக்கான டாட் 3 அல்லது டாட் 4 ஆகத்தான் இருக்கும். அவருக்குத் தெரிந்த பிரேக் ஆயில் அதுதான், அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஷிமானோ, மகூரா, டெக்ட்ரோ மூன்றும் மினரல் ஆயிலில் ஓடுபவை. ஹோப், ஹேய்ஸ் டொமினியன், ஸ்ராமின் பல மாடல்கள் டாட் ஆயிலில் ஓடுபவை. ஸ்ராமிலேயே டிபி8, மேவன் இரண்டும் மினரல் ஆயிலில் ஓடுபவை, ஆகவே நிறுவனத்தின் பெயரை வைத்து முடிவு செய்யவே கூடாது. பெரும்பாலும் லிவரின் மூடியில் எந்த ஆயில் என்று எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டுத்தான் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

ஒன்றுக்கான ரப்பர் சீல் இன்னொன்றைத் தாங்காது. ஊறி வீங்கும் அல்லது இளகிக் கெடும், பிஸ்டன் திரும்பி வராது, அப்புறம் கசியும். உங்களுக்கு நடந்தது அதேதான். ஊற்றிய அன்றே கவனித்திருந்தால் கழுவி, பலமுறை மினரல் ஆயில் ஓடவிட்டுப் பார்த்திருக்கலாம். பத்து நாள் ஊறிக் கசியத் தொடங்கிவிட்டது என்பதால் லிவர், ஹோஸ், கேலிப்பர் எதையும் நம்பி மலையில் இறங்க முடியாது. மொத்தமாகப் புது பிரேக் மாற்றுங்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு பதில் சொன்னால் உங்களுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். கசிந்த டாட் ஆயில் பெயின்ட்டையும் அரிக்கும், ஃபிரேமில் பட்ட இடத்தை இன்றே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

மினரல் ஆயிலுக்கும் ஒரு குறை உண்டு. அது ஈரத்தை உறிஞ்சாது என்பது நல்லதுதான், ஆனால் எப்படியாவது ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் அது ஆயிலோடு கலக்காமல் தாழ்வான இடமான கேலிப்பரில் போய்த் தங்கி 100 டிகிரியிலேயே கொதிக்கும். மினரல் ஆயில்தானே என்று வருஷக்கணக்கில் விடாதீர்கள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் மாற்றுவது என் வழக்கம்.

கேள்வி: எனக்குக் கை சின்னது. லிவரை எட்டிப் பிடிக்க இரண்டு மூன்று விரல் தேவைப்படுகிறது, கல் நிறைந்த இறக்கத்தில் ஹேண்டில்பார் கையை விட்டு நழுவுகிறது, முன்கை வலிக்கிறது. பெண்களுக்கென்று தனி பிரேக் இருக்கிறதா? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: தனி பிரேக் வேண்டாம். உங்கள் பிரேக்கைக் கடையில் யாரும் உங்களுக்காகச் சரிசெய்து தரவில்லை, பிரச்சினை அதுதான். புது சைக்கிள் விற்கும்போது சீட் உயரத்தை வைத்துத் தருகிறார்கள், லிவரை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

லிவரில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைத் திருப்பினால் லிவர் ஹேண்டில்பாருக்கு அருகே வரும். ஆட்காட்டி விரலின் முதல் மடிப்பு லிவரில் வசதியாக உட்காரும் வரை கொண்டுவாருங்கள். அப்புறம் லிவரின் கிளாம்பைத் தளர்த்தி முழு லிவரையும் கைப்பிடியிலிருந்து உள்பக்கம், அதாவது ஹேண்டில்பாரின் நடுவில் இருக்கும் ஸ்டெம் பக்கம் தள்ளுங்கள். உங்கள் விரல் லிவரின் நடுவில் விழக் கூடாது, வளைந்த நுனியில் விழ வேண்டும். கதவை நினைத்துப் பாருங்கள், கீலிலிருந்து தள்ளிக் கை வைத்தால் திறப்பது லேசு. இந்த இரண்டு மாற்றத்தைச் செய்துவிட்டு வீட்டு முன்னால் ஓட்டிப் பாருங்கள், பிரேக்கையே மாற்றிவிட்டதாக நினைப்பீர்கள். ஒற்றை விரலால் பிரேக், மீதி விரல்களால் ஹேண்டில்பார், இதுதான் மலைப்பாதையில் இருக்க வேண்டிய பிடி.

வலுவான பிரேக் யாருக்கு முதலில் தேவை என்று கேட்டால், கைப்பலம் குறைந்தவருக்குத்தான் என்பேன். பலசாலி சாதாரண பிரேக்கையும் முறுக்கிப் பிடித்துவிடுவார். ஆகவே நீங்கள் 55 கிலோதான் இருந்தாலும் நான்கு பிஸ்டன் ஆசைப்படுவது தவறே இல்லை. லிவரின் நெம்பு விகிதம் போகப் போகக் கூடுகிற மாதிரி அமைத்த லிவர்கள் உண்டு, ஷிமானோவில் சர்வோ வேவ் என்பார்கள், எம்டி200இல் இல்லை, டியோரில் உண்டு. கடையில் நிற்கும் சைக்கிளில் அழுத்திப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: கேபிள் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளை ஹைட்ராலிக்காக மாற்றலாமா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மாற்றலாம். ஆனால் உங்கள் சைக்கிளில் கியர் ஷிஃப்டரும் பிரேக் லிவரும் ஒரே உடம்பாக இருக்கிறதா என்று பாருங்கள், ஆரம்ப விலைச் சைக்கிள்களில் பெரும்பாலும் அப்படித்தான். அப்படியென்றால் ஷிஃப்டரும் தனியாக வாங்க வேண்டும், செலவு நினைத்ததை விட ஏறும். இன்னொன்று, நம் நாட்டில் முன்பிரேக் வலது கையில். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது இடது கை லிவருக்கு முன்பிரேக் ஹோஸ் போட்டு வரலாம், அப்புறம் ஹோஸைக் கழற்றி மாற்றி ப்ளீட் பண்ண வேண்டியிருக்கும். தஞ்சையின் சமவெளியில் ஓட்டுவதற்கு மட்டும் என்றால் நல்ல கேபிள் போட்டு, பேட் தேயத் தேயக் கேலிப்பரை நெருக்கிக்கொண்டே ஓட்டுங்கள். ஹைட்ராலிக்கில் அந்தத் தேய்மானத்தைப் பிஸ்டன் தானே முன்னகர்ந்து ஈடுகட்டிவிடும், அந்த வசதி ஒன்றுக்காகவே நான் மாறினேன்.

கேள்வி: மாஞ்சோலை போவதற்காக சைக்கிளை வேனில் தலைகீழாக ஏற்றிக்கொண்டு போனோம். இறக்கியதும் பின்பிரேக் லிவர் முழுக்க உள்ளே போகிறது. நான்கைந்து முறை அழுத்தியதும் சரியாகிவிட்டது. அப்படியே ஓட்டலாமா? (ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: ஓட்ட வேண்டாம், ப்ளீட் பண்ணிவிட்டு ஓட்டுங்கள். லிவரில் உள்ள ஆயில் தொட்டியில் கொஞ்சம் காற்று சேர்ந்திருக்கிறது. சைக்கிள் நிமிர்ந்து நிற்கும்போது காற்று மேலேயே தங்கித் தொந்தரவு செய்யாமல் இருக்கும், தலைகீழாக வைத்ததும் அது ஹோஸ் பக்கம் ஏறிவிட்டது. நிமிர்த்தி அழுத்தியதும் திரும்பத் தொட்டிக்குப் போய்விட்டது. காற்று உள்ளேயே இருக்கிறது என்பதைத்தான் இது காட்டுகிறது. சரியாக ப்ளீட் செய்த பிரேக்கைத் தலைகீழாக வைத்தாலும் ஒன்றும் ஆகாது.

சக்கரத்தைக் கழற்றி ஏற்றினால் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டையோ மடித்த அட்டையையோ செருகுங்கள். வழியில் யாராவது லிவரை அழுத்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு ரோட்டார் நுழையாது.

கேள்வி: புது பேட் போட்டேன், பழையதை விட மோசமாக நிற்கிறது, வீறிடுகிறது. போலியா? (ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: பெரும்பாலும் புது பேடை ரோட்டாரோடு பழக்கவில்லை என்பதுதான் காரணம். பேடின் பொருள் ரோட்டாரில் மெல்லிய படலமாகப் படிந்தால்தான் பிடிமானம் வரும். ஆளில்லாத சாலையில் நடுத்தர வேகத்தில் போய், நடைவேகம் வரும் வரை சீராகப் பிடித்து விடுங்கள், முழுக்க நிறுத்தாமல். இருபது முறை. அப்புறம் இன்னும் வேகமாகப் போய்ப் பத்து முறை. இரண்டு பிரேக்குக்கும் தனித்தனியாக. இதைச் செய்யாமல் நேராக மலையில் இறக்கினால் பேடின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி இறுகிப்போகும்.

இதைச் செய்தும் கத்தினால் எண்ணெய் பட்டிருக்கும். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது ரோட்டார் மேல் தூறுவதுதான் நான் அடிக்கடி பார்ப்பது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் சுத்தமான துணியும் கொண்டு ரோட்டாரைத் துடையுங்கள். எண்ணெய் ஊறிய பேடை அடுப்பில் வாட்டினால் சரியாகும் என்று சொல்வார்கள், நானும் செய்து பார்த்திருக்கிறேன், இரண்டு நாள் பிடித்தது, மூன்றாம் நாள் பழைய கதை. புது பேட் வாங்குங்கள். இனி செயினுக்கு ஸ்ப்ரே வேண்டாம், சொட்டுச் சொட்டாக விடும் எண்ணெய் போதும்.

கேள்வி: அண்ணா, நானும் இரண்டு நண்பர்களும் பைகளோடு நுவரெலியாவில் இருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கப் போகிறோம். மூவரிடமும் ஹைட்ராலிக் பிரேக், 180 ரோட்டார். பிரேக்கை எப்படிப் பிடித்தால் சூடாகாமல் இறங்கலாம்? (ஒரு வாசகர், கண்டி)

பதில்: சூடாகாமல் இறங்க முடியாது. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கம்பளைக்கு வரும்போது 1300 மீட்டருக்கு மேல் இறங்கியிருப்பீர்கள், சூடு வரத்தான் செய்யும். அது ஆறுவதற்கு இடைவெளி கொடுக்கலாம். தொடர்ந்து லேசாகத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் மிக மோசமான வழி, பேட் ரோட்டாரை விட்டுப் பிரிவதே இல்லை, காற்றும் போக வழியில்லை. நேரான பகுதியில் விடுங்கள், வளைவு வருவதற்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் நுழைந்ததும் விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில் வேகம் கூடும், கூடிய வேகத்தில் காற்றே உங்களைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும், ரோட்டாரையும் ஆற்றும். பார்வை எட்டாத வளைவுகளில், பஸ் வரும் பாதையில், பனி மூட்டத்தில் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், எவ்வளவு மெதுவாகப் போக வேண்டுமோ அவ்வளவு மெதுவாகப் போங்கள், அதற்குப் பதிலாக அடிக்கடி நிறுத்துங்கள்.

முன்பிரேக்குக்குப் பயப்படாதீர்கள். உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, கையை ஊன்றி, படிப்படியாக அழுத்தினால் அதுதான் உங்களை நிறுத்தும். ஈரமான இலை, மணல், வெள்ளைக் கோடு இருக்கும் இடத்தில் மட்டும் அதை விட்டுவிட வேண்டும். பைகளைப் பின்னால் மட்டும் குவிக்காமல் முன்னும் பின்னுமாகப் பிரித்துக் கட்டுங்கள்.

கிளம்பும் முன் மூன்று பேரும் பேடைக் கழற்றிப் பாருங்கள். ஷிமானோ என்றால் தேயும் பகுதி 0.5 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும், ஆனால் இந்த இறக்கத்துக்கு ஒரு மி.மீ. கூட இல்லையென்றால் புதிது போட்டுக்கொள்ளுங்கள். மூவருக்கும் பொதுவாக ஒரு ஜோடி பேடைப் பையில் வைக்கலாம், மூன்று பிரேக்கும் ஒரே வகையாக இருந்தால். றம்பொடை அருவிப் பக்கம் நிறுத்தித் தேநீர் குடியுங்கள். ரோட்டாரைத் தொடாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள், சூடான தகடு வளைந்துவிடும். புறங்கையை அதன் அருகில் கொண்டுபோனால் அனல் அடிக்கிறதா என்று தெரியும், அடிக்காமல் ஆன பிறகு லிவர்களை அழுத்திப் பார்த்துவிட்டுப் புசல்லாவைப் பக்கம் இறங்குங்கள்.